டாக்காவ் வீடியோ போட்ட ஹிஸ்டரி சேனல் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் நண்பர்களே. உலகப்போர் கதைய தமிழ்ல சொல்றீங்க, அதுக்கு முதல்ல நன்றி. பத்தாவது படிக்கிற என் பையன் பாதி வரலாற உங்ககிட்டதான் கத்துக்கிட்டான். ஆனா போன வாரம் போன தூக்கிட்டு வந்து "அப்பா, செம மாஸ்ப்பா"ன்னு ஒரு வீடியோ காட்டினான் பாருங்க, எனக்கு வயித்த பெரட்டிருச்சு. ஜெர்மனில நாஜிங்க நடத்தின டாக்காவ் வதைமுகாம்ல, அமெரிக்க சிப்பாய்ங்க சுவத்தோரமா நிக்கவெச்சு சுட்ட எஸ்எஸ் (ஹிட்லரோட நாஜி படை) ஆளுங்க போட்டோ, அதுக்கு ஹீரோ என்ட்ரி மியூசிக். ஒரே நிமிஷம், முன்னாடி நடந்ததும் இல்ல பின்னாடி நடந்ததும் இல்ல.

நான் கேக்குறது ஒண்ணுதான். முழுசா சொல்லுங்க.

1945 ஏப்ரல் 29 அன்னிக்கு அமெரிக்காவோட 45-வது டிவிஷன் பசங்க முகாமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே அந்த ரயில பாத்துட்டாங்க. ஏப்ரல் 7-ந் தேதி புகன்வால்டுங்கிற இன்னொரு வதைமுகாம்ல இருந்து கெளம்பின ரயில், மூணு வாரம் கழிச்சு வந்து சேந்துருக்கு. சோறு தண்ணி இல்லாம கிட்டத்தட்ட 40 பெட்டில அடைச்சுட்டு வந்த மனுஷங்க, அதுல ரெண்டாயிரம் பேருக்கு மேல பொணமா கெடந்தாங்க, எலும்பும் தோலுமா, ஒருத்தர் மேல ஒருத்தரா, சில பேருக்கு கண்ணுகூட மூடல. அத்தனை சண்டை பாத்துட்டு வந்த சிப்பாய்ங்க அந்த பெட்டி பக்கத்துல நின்னு அழுதாங்க, வாந்தி எடுத்தாங்க, ஒரு எஸ்எஸ்காரனையும் உயிரோட விடக்கூடாதுன்னு கத்தினாங்க. இந்த ரயிலுக்கு உங்க வீடியோல ஒரு செகண்ட்கூட இல்லையே, ஏங்க?

சரி, அப்புறம் உங்க போட்டோல வர்ற அந்த நிலக்கரி யார்டு. சரணடைஞ்சு நின்னவங்க மேல மெஷின் கன் ஓடுது, அமெரிக்க பட்டாலியன் கமாண்டர் பெலிக்ஸ் ஸ்பார்க்ஸ் ஓடி வந்து சுட்டவன உதைச்சுத் தள்ளி, பிஸ்டல வானத்துக்கு தூக்கி சுட்டு, நிறுத்துங்கடான்னு கத்துறாரு. அவரு கைய நீட்டிட்டு நிக்கிற போட்டோவும் இருக்கு, தேடினா அஞ்சு நிமிஷத்துல கெடைக்கும். மாஸ் வேணும்னா அதுல இல்லாத மாஸா?

சுவத்துல நின்ன எல்லாருமே அந்த ரயிலுக்கு பொறுப்பா இருந்தவங்களான்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா? முகாம் தலைமையும் பழைய காவலாளிங்க நெறைய பேரும் அதுக்கு முன்னாடியே தப்பிச்சு ஓடிட்டாங்க. அதே டாக்காவ்ல நவம்பர் மாசம் 40 பேர நிறுத்தி கேஸ் நடத்தி, 36 பேருக்கு தூக்குன்னு தீர்ப்பு சொன்னாங்க, அதையும் நீங்க சொல்லல. யார்டுல சுட்டதுக்கு அமெரிக்க ராணுவமே விசாரணை வெச்சுது, அடிபட்டு கெடந்தவங்களுக்கு வைத்தியம் பாக்கலன்னுகூட அறிக்கைல எழுதினாங்க, கடைசில ஜெனரல் பேட்டன் கேஸையே தள்ளுபடி பண்ணிட்டாரு. அதையும் சொல்லுங்க, மறைக்க என்ன இருக்கு?

நீங்க பாதி சொன்னதால உங்க வீடியோவுக்கு கீழயே ஒருத்தர் வந்து 520 பேர கொன்னாங்க, நாஜியும் அமெரிக்காக்காரனும் ஒண்ணுதான்னு எழுதிட்டு போறாரு, அதுக்கு நூத்துக்கணக்குல லைக். அந்த 520 ஒரு ராணுவ டாக்டர் 1986-ல எழுதின கணக்கு. ஸ்பார்க்ஸ் சொன்னது அன்னிக்கு மொத்தமே 50-ஐ தாண்டாது, 30-தான் சரியா இருக்கும்னு. முப்பதுன்னாலும் தப்பு தப்புதான், ஆனா அத வெச்சு அந்த ரயில மறைக்க விடலாமா?

இப்போல்லாம் எந்த சாவுக்கும் டிரம்ஸ் போட்டுடறாங்க, சுடறத பாத்து கைதட்ட புள்ளைங்களுக்கு நாமளே சொல்லித்தர்றோம், நாளைக்கு என் பையன் யாரு சுட்டாலும் கைதட்டுவானேன்னு பயமா இருக்குங்க. கோவத்துல கொஞ்சம் அதிகமா பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

அந்த வீடியோவ எடுத்துட்டு, மியூசிக் இல்லாம, ரயில்ல ஆரம்பிச்சு ஸ்பார்க்ஸ் கைய நீட்டினது, விசாரணை, கேஸ் வரைக்கும் முழுசா போடுங்க. பத்து நிமிஷம் ஆனாலும் பரவால்ல, நானும் என் பையனும் சேந்து உக்காந்து பாக்குறோம்.

நன்றி,
உங்க சேனல ரொம்ப நாளா பாக்குற ஒரு அப்பா