சேவு விலையும் எண்ணெய்ப் பலகையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜைப் பொரி வியாபாரம் முடிந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் சாத்தூர் வாட்ஸ்அப் குழுக்களில் எங்கள் கடைப் படம் ஒன்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. படத்தில் எங்கள் விலைப் பலகை. அதன் கீழே, “ஜிஎஸ்டி வரியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆக்கியாச்சு, அண்ணாச்சி கடையில் ஒரு ரூபாய் குறையலை. போதாக்குறைக்குப் பாமாயில், அதையும் மறைத்து விற்கிறார்கள்” என்று ஒரு குறிப்பு. கடைக்கு வந்து கேட்டவர்களுக்கு வாயால் பதில் சொல்லிவிட்டோம். கேட்காமல் படத்தை மட்டும் அடுத்தவருக்கு அனுப்பியவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் அந்த 12-ஐப் பார்த்துவிடுவோம். நீங்கள் அரைக்கிலோ சேவு கேட்டால் தட்டிலிருந்து அள்ளி, தராசில் போட்டு, பொட்டலம் கட்டித் தருகிறோம். ஜிஎஸ்டி கணக்கில் இது உதிரி. உதிரி மிக்சர், சேவு, காராபூந்திக்குப் பல வருடமாகவே 5 சதவீதம்தான். 12 என்பது முன்கூட்டியே எடை போட்டு, ஒட்டி, லேபிள் அடித்து விற்கும் பாக்கெட்டுக்கு. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி குறைந்தது அந்த 12. எங்கள் 5 அன்றைக்கும் 5, இன்றைக்கும் 5. குறையாத வரியை எங்கிருந்து குறைத்துத் தருவது?

ஒரே சரக்குக்கு இரண்டு வரியா என்று சிலர் நம்ப மறுக்கிறார்கள். 2024 டிசம்பரில் பாப்கார்னுக்கு மூன்று வரி என்று ஊரே சிரித்தது ஞாபகம் இருக்கும். உப்புக்காரம் போட்ட உதிரிக்கு 5, அதையே பாக்கெட்டில் அடைத்தால் 12, சர்க்கரைப்பாகு சேர்த்த கேரமலுக்கு 18. சிரித்தோம், மறந்துவிட்டோம். நாங்கள் அந்தக் கணக்கோடுதான் தினமும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். இப்போது கடையில் வாங்கும் பாக்கெட் பரோட்டாவுக்கு 18-லிருந்து ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. நம்ம பக்கத்து ஓட்டலில் கண்ணெதிரே பொரித்துத் தரும் எண்ணெய் பரோட்டாவுக்கு அதே 5. யாரும் பரோட்டா மாஸ்டரைப் படம் எடுத்துப் போடவில்லை, நல்லவேளை.

பஸ் பயணிகளுக்காக நாங்களும் 200 கிராம் லேபிள் பாக்கெட் போடுகிறோம், தெரியும்தானே? அதற்கு 12 இருந்தது உண்மை. 22-ஆம் தேதி காலையிலேயே 60 ரூபாய் பாக்கெட்டை 56 ஆக்கிவிட்டோம். பழைய விலை அச்சடித்த கவரின் மேல் புது விலையை ஒட்ட இரண்டு பையன்களை முந்தின நாள் ராத்திரி உட்கார வைத்தோம். அந்த 56 ரூபாய் ஸ்டிக்கரை ஏன் யாரும் படம் எடுக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

உள்ளதைச் சொன்னால், இந்த வரிக் குறைப்பில் கொஞ்சம் நஷ்டப்பட்டதே உதிரிக் கடைக்காரன்தான். இதுவரை பாக்கெட் கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவில் 7 சதவீத இடைவெளி இருந்தது. விலையைப் பார்த்து வாங்குகிறவர் எங்கள் பக்கம் வர அதுவும் ஒரு காரணம். இப்போது இருவரும் ஒரே 5. பத்து ரூபாய் பாக்கெட்டில் விலையைத் தொடாமல் கிராமைக் கூட்டுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை எதை எடுக்கும்? பிஸ்கட், சாக்லேட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்துவிட்டன. கலர் பாட்டிலுக்கு மட்டும் 40. அதுவும் புதிதில்லை. முன்பு 28 வரி, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 12 என்று இரண்டாக இருந்ததை ஒன்றாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சர்க்கரைத் தண்ணீருக்கு 40, சர்க்கரை சாக்லேட்டுக்கு 5. எது உடம்புக்கு ஆகாது என்று வரி சொல்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நெய்க்கும் 12-லிருந்து 5 ஆகியிருக்கிறதே, மைசூர்பாகு விலை ஏன் இறங்கவில்லை என்றும் ஒரு கேள்வி வந்தது. நெய் வாங்கும்போது கட்டும் வரியை நாங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறோம். அதனால் அடக்கவிலை பெரிதாக மாறுவதில்லை. வீட்டுக்கு நெய் வாங்கும் உங்களுக்குத்தான் அதில் முழு லாபம்.

அடக்கத்தை ஆட்டி வைப்பது எண்ணெய். அதன் ஜிஎஸ்டி மாறவே இல்லை, 5 தான். மாறியது இறக்குமதி வரி. நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான மொத்த இறக்குமதி வரி 5.5-லிருந்து 27.5 சதவீதமானது. சுத்திகரித்ததற்கு 13.75-லிருந்து 35.75. நம் நாட்டு எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்பது காரணம். அதில் எங்களுக்குக் குறை இல்லை, நாமும் கடலை விளைகிற சீமைதான். ஆனால் அந்தத் தீபாவளிக்கு டின் விலை ஏறிய ஏற்றம் எங்களுக்குத்தான் தெரியும். 2025 மே கடைசியில் அந்தக் கச்சா சமையல் எண்ணெய்களுக்கு 16.5 ஆகக் குறைத்தார்கள். சுத்திகரித்தது அப்படியே நிற்கிறது. இதெல்லாம் உங்கள் பில்லில் தனி வரியாக வராது, அதனால் கண்ணில் படுவதில்லை. பில்லில் தெரிகிற வரிக்குத்தான் சண்டை.

இனி பாமாயில். எங்களுக்கு மனசு கஷ்டமானது இதில்தான்.

“மறைத்து விற்கிறார்கள்” என்று எழுதியவர், அதை எங்கள் பலகையைப் படம் எடுத்துப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார். மறைத்திருந்தால் படம் ஏது? ‘கடலை எண்ணெய்ச் சேவு, கிலோ 380’, ‘சாதா சேவு, பாமாயில், கிலோ 300’ என்று இரண்டடிப் பலகையில் கையால் எழுதி வைத்திருக்கிறோம். உதிரிக்கு லேபிள் கிடையாது. பத்துக் கிளையோ அதற்கு மேலோ உள்ள பெரிய ஓட்டல்கள்தான் 2022 ஜூலை முதல் பட்டியலில் கலோரி போட வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரே கடை. யாரும் கேட்காமல், 2024 எண்ணெய் விலையேற்றத்தின்போது, எது எதில் பொரிகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று வைத்தது அது. பெரிய கம்பெனி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பாமோலின் என்று கடுகளவு எழுத்தில் போட்டிருக்கும், அதுவும் பாமாயில்தான். அதை வாங்கிக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் போட்ட எங்களைத் திட்டுகிறீர்கள்.

அப்புறம் இன்னொன்று. மாதா மாதம் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குவது எந்த எண்ணெய்? அதில் வீட்டில் வடை சுடும்போது யாரும் பலகை கேட்பதில்லை.

பலகை வைத்த பிறகு வாங்கும் விதம் மாறியது நிஜம். போன வாரம் சிவகாசியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா பலகையை நின்று வாசித்துவிட்டு, “கடலை எண்ணெயில் போட்டதே குடுங்க தம்பி, ஒரு கிலோ” என்றார். பையன் அள்ளித் தராசில் பாதி போட்டிருப்பான். அவர் கண் விலைக்கு இறங்கியது. “சரி, இதில் கால் கிலோ போதும், பிள்ளைகளுக்கு. மிச்சம் சாதாவில் போடுங்க” என்றார். அவர் ஏமாறவில்லை, தெரிந்தே பிரித்து வாங்கினார். பாமாயிலை நிறுத்திவிட்டால் அவர் முக்கால் கிலோவை எங்கே வாங்குவார் என்று குழுவில் எழுதுகிறவர்கள் யோசிக்கலாம்.

2025 ஜூலையில் சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் சிகரெட் மாதிரி எச்சரிக்கை ஒட்டப்போகிறார்கள் என்று ஒரு செய்தி ஓடியது. அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை அளவைச் சொல்லும் பலகை வைக்கச் சொன்னதுதான் விஷயம், கடைப் பலகாரத்துக்கு லேபிள் இல்லை என்று மத்திய அரசே விளக்கம் கொடுத்தது. விளக்கம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? மாலை டீக்கு எங்களிடம் வாங்கிவந்த ஓர் அலுவலகம் அந்த வாரமே சேவு வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போது டீயோடு கிரீம் பிஸ்கட் பாக்கெட் போகிறதாம்.

பழைய எண்ணெய் பற்றியும் பேச்சு வந்ததால் சொல்கிறோம். சட்டியில் மிஞ்சுவதை மறுநாள் புது எண்ணெயோடு கலப்பதில்லை. ராத்திரி வடிகட்டி நீல கேனில் ஊற்றி வைத்தால், பயோடீசலுக்கு வாங்கும் வண்டி வந்து எடுத்துப் போகிறது. சந்தேகம் உள்ளவர்கள் எட்டரை மணிக்கு மேல் அடுப்படிக்கு வந்து பார்க்கலாம். டீயும் தருகிறோம்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் வழக்கம்போல வந்து, “அண்ணாச்சி, நீங்க பாட்டுக்கு நடத்துங்க” என்று சொன்னவர்களை மறக்க மாட்டோம். குழுவில் எங்களுக்காகப் பதில் எழுதிய ஆசிரியர் அம்மாவுக்கும், சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் பை நிறைய வாங்கிப் போகும் பிள்ளைகளுக்கும், அப்பா காலத்திலிருந்து தீபாவளிக்கு எங்களை விட்டு வேறு கடைக்குப் போகாத குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

தீபாவளி ஆர்டர்களை 14-ஆம் தேதி வரை எடுக்கிறோம். ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டுவோர் முன்பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளவும். வரும் திங்கள் முதல் கடலை எண்ணெய்ச் சேவு கிலோ 400. சாதா சேவு, மிக்சர், அதிரசம் எல்லாம் பழைய விலையே. 18, 19 தேதிகளில் கூட்டம் இருக்கும், காலை எட்டு மணிக்குள் வந்தால் சுடச்சுட வாங்கிப் போகலாம். பலகை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்