உலக முடிவுக்குச் செல்லும் வழியில் ஒரு பூங்குருவி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

விடுமுறைக் காலங்களில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளும் தனியார் கல்வி நிலையங்களும் ஒழுங்குசெய்யும் மலைநாட்டுச் சுற்றுலாக்களில் ஹோட்டன் சமவெளி தவறாமல் இடம்பெறுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்குள் முகில் மூடிவிட்டால் அங்குள்ள உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து எதுவும் தெரியாது என்பதால், பேருந்துகள் விடியற்காலையிலேயே அங்கு போய்ச் சேரும்படி இரவோடிரவாக ஓடுகின்றன. அதே நேரத்தில், அதே பாதையோரத்தில், உலகில் வேறெங்குமே இல்லாத ஒரு பறவை குரல் கொடுக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லி அனுப்புவதில்லை.

நான் குறிப்பிடுவது இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியை. ஏறத்தாழ 900 மீற்றருக்கு மேற்பட்ட மத்திய மலைநாட்டுக் காடுகளே இதன் ஒரே வாழிடம். இருபது சென்ரிமீற்றர் அளவேயான இதில், ஆண் பறவை கருநிறமாய், தோளில் பளபளக்கும் நீலத் திட்டுடன் இருக்கும். பெண் கபில நிறமானது. நிழல் மூடிய நீரோடைகளின் கரையில், பாசி படர்ந்த கற்களுக்கிடையே பூச்சிகளையும் சிறு தவளைகளையும் தேடித் தின்னும் இப்பறவை மிகுந்த கூச்சமுடையது. பகலில் கண்ணில் படுவது அரிது. விடியலிலும் அந்தியிலுமே அதன் கூரிய, மெல்லிய சீழ்க்கையொலி ஓடைப்பக்கமிருந்து எழும். பட்டிப்பொல நுழைவாயிலிலிருந்து உள்ளே செல்லும் வழியில் உள்ள அரெங்கா குளத்தருகே பறவை ஆர்வலர்கள் இருள் பிரியுமுன் வந்து, பேச்சு மூச்சின்றிக் காத்து நிற்பது இதற்காகத்தான். எங்கள் பேருந்துகள் பாட்டை உரக்க ஒலிக்கவிட்டபடி கடந்து செல்வதும் அந்த இடத்தைத்தான்.

'அது மலைநாட்டுப் பறவை, வடக்கிலுள்ள எமக்கென்ன?' என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் பற்றைகளில் கூவும் கவுதாரி தமிழகத்திலும் உண்டு. இங்கு குறைந்தாலும் அங்கு வாழும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சீகாரப் பூங்குருவியோ இதன் உறவினமேயன்றி இதுவல்ல. ஆகவே எங்கள் மலைநாட்டில் இது அற்றுப்போனால் உலகிலேயே அற்றுப்போனதாகும். சர்வதேசச் சிவப்புப் பட்டியல் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே குறித்துள்ளது.

இயற்கையியலாளர் ஹோல்ட்ஸ்வர்த் இதனை 1872 இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்து, தோட்டத்துரையான சாமுவேல் பிளையின் பெயரைச் சூட்டினார். அதற்கு முன்பே கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டுவிட்டன. எஞ்சியவை துண்டு துண்டாய் நிற்கின்றன. ஹோட்டன் சமவெளியிலேயே மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து மடியும் நிலை பல தசாப்தங்களாகத் தொடர்கிறது. நிழலும் தெளிந்த நீரும் இல்லாத இடத்தில் இப்பறவை தங்காது. சிவனொளிபாதமலை வனமும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் காடும் 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டமை ஆறுதலே. ஆயினும் அங்கு செல்வோர் நடந்துகொள்ளும் விதத்தைப் பட்டியல் மாற்றிவிடாது.

சுற்றுலாவுக்குப் பொறுப்பான ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. நுழைவாயிலைத் தாண்டியதும் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் குளத்தருகே பிள்ளைகளைப் பத்து நிமிடம் அமைதியாக நிற்க வையுங்கள். பறவை தெரியாவிட்டாலும் குரலாவது கேட்கக்கூடும். கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்க ஒருபோதும் இடம்கொடாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதாக எண்ணி, இரைதேடலையும் கூட்டையும் விட்டு அது அலையும்.

தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில், அடுத்த விடுமுறைக்கு முன்னதாக, இலங்கைக்கே உரிய மலைநாட்டுப் பறவைகளைப் பற்றிப் படங்களுடன் ஒரு தொடரை வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.