எந்த மெஷின் என்று கேட்டாயே

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்த செய்தியைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கோத்தகிரியில் பனி தொடங்கிவிட்டது. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும், விடு.

மச்சான் தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரம் வெட்டும் வேலையை எடுத்திருக்கிறாய், அதற்கு எந்தக் கம்பெனி செயின்சா, அதாவது மரம் அறுக்கும் சங்கிலி வாள் மெஷின், வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் கூடலூருக்கும் உண்டு. அனுமதித் தாள் கையில் இல்லாமல் ஒரு மரத்திலும் கை வைக்காதே.

மெஷின் எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன, செயின் பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மட்டும் பார். ஓடுகிற வாளின் மேல்நுனி கிளையில் பட்டால் மெஷின் முகத்தைப் பார்த்துத் துள்ளும். அப்போது ஓடுகிற செயினைச் சட்டென்று நிறுத்துவது அந்த பிரேக்தான். ஆனால் இந்த வேலையில் உயிரை எடுப்பது பெரும்பாலும் மெஷின் இல்லை, மரமும் கிளையும்தான். அதனால் எனக்கு உன்னிடம் கேட்க வேண்டியது வேறு: மரம் அசைந்ததும் நீ எந்தப் பக்கம் போவாய்?

தேயிலைத் தோட்டத்தில் இதற்குப் பதில் சுலபமில்லை. விழும் திசைக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, அடிமரம் பின்னோக்கி உதைக்கும். பின்புறமாக 45 டிகிரி சாய்வில், இரண்டு பக்கமும் வழி வேண்டும். அங்கேயோ இடுப்பளவு செடி. நாலு செடியைக் கவாத்து செய்து வழி எடுக்கச் சொன்னால் தோட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மச்சானாயிற்றே என்று நீயும் விட்டுக்கொடுத்துவிடாதே. மெஷினைக் கிளப்புவதற்கு முன்பே வழி தயாராக இருக்க வேண்டும்.

வெட்டு முறை உன் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் அளவைச் சொல்லிவிடு. 40 செ.மீ. விட்டமுள்ள மரம் என்றால், சாயும் பக்கத்தில் முதலில் வெட்டி எடுக்கும் வாய் 8 முதல் 10 செ.மீ. ஆழம். எதிர்ப்பக்கத்திலிருந்து போடும் பின்வெட்டு அதைவிடக் கொஞ்சம் உயரத்தில். நடுவில் 4 செ.மீ. அறுக்காமல் விட வேண்டும். கதவுக் கீல் மாதிரி மரத்தைப் பிடித்துத் திருப்புவது அதுதான். ‘இன்னும் கொஞ்சம்’ என்று அதையும் அறுத்துவிட்டால், எங்கே விழுவது என்பது மரத்தின் இஷ்டம். முன்னால் அதிகம் சாய்ந்த கற்பூர மரத்தை (யூகலிப்டஸை) மட்டும் இப்படி வெட்டாதே. பாதி அறுக்கும்போதே நெடுக்கப் பிளந்து முகத்தில் அடிக்கும். அதற்குத் தெரிந்த ஆளைக் கூப்பிடு.

அப்புறம், பக்கத்து மரத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும் மரம். எனக்கு இதைப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசையும். சாயங்காலம், கூலி ஆட்கள் கிளம்பும் நேரம், லாரி காத்திருக்கும். யாராவது ஒருவன் தாங்கி நிற்கிற மரத்தையும் வெட்டிவிடலாம் என்று அடியில் போவான், அல்லது மேலே ஏறி மிதிப்பான். இரண்டுமே கூடாது. கயிறு கட்டி, தூர நின்று, அடியைப் பின்னால் இழுக்க வேண்டும். முடியவில்லையா, சுற்றிலும் கயிறு கட்டி ஆள் போகாமல் மறித்துவிட்டு மறுநாள் வா. லாரிக்காரன் திட்டினால் திட்டட்டும்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்கட்டும். சரிவின் கீழ்ப்பக்கம் யாருமே வேண்டாம், துண்டு போட்ட தடி உருண்டால் நிற்காது. சில்வர் ஓக் கிளை வேறு சட்டென்று முறியும், எல்லோர் தலையிலும் ஹெல்மெட் வேண்டும். லுங்கியும் செருப்புமாக மெஷின் பிடிக்க விடாதே. கால் கவசம் போடச் சொல், செயின் பட்டால் அதன் உள்ளே இருக்கும் நார் செயினில் சுற்றி அதை நிறுத்திவிடும். மெஷின் வாங்குகிற பணத்திலேயே அதையும் சேர்த்து வாங்கு, பிறகு என்றால் வாங்க மாட்டாய், உன்னைத் தெரியாதா எனக்கு!

பின்வெட்டில் செருக இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் தெறிக்கும். என்னிடம் பிளாஸ்டிக் ஆப்பு இரண்டும் நல்ல கயிறு ஒன்றும் சும்மா கிடக்கின்றன. வேலை எப்போது ஆரம்பம் என்று எழுது, கூடலூர் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி