கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியருக்கு: கொரோனாக் காலத்தில் திரட்டிய விவரங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன?

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020-இல் கர்நாடக எல்லை தாண்டி ஓசூருக்குள் வர இ-பாஸ் வேண்டியிருந்தது. பெயர், கைபேசி எண், முகவரி, வண்டி எண், அடையாளச் சான்று எல்லாவற்றையும் மக்கள் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளில் தனிமைப்படுத்தல் அறிவிப்பு ஒட்டப்பட்டது. நோய் பரவிய வேளையில் அதற்குக் காரணம் இருந்தது; அதை நாங்கள் மறுக்கவில்லை. காரணம் தீர்ந்த பிறகு அந்த விவரங்களை யார் வைத்திருக்கிறார்கள், எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே எங்கள் கேள்வி.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவை மீறக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டமும் அன்று கைகொடுத்தன. நோக்கமே முடிந்துவிட்டால் விவரங்களை வைத்திருக்கும் நியாயமும் போய்விடுகிறது. இந்தியா 1979-இல் ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவும் தனிவாழ்வில் தன்னிச்சையாகத் தலையிடுவதைத் தடுக்கிறது. கொரோனாத் தொடர்புகளைக் கண்டறிய ஒன்றிய அரசு கொண்டுவந்த ஆரோக்கிய சேது செயலிக்கே 2020 மே மாத நெறிமுறை, தொடர்பு, இருப்பிட விவரங்களைப் பொதுவாக 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. மாவட்டப் பதிவேடுகளுக்கும் ஒரு கெடு வேண்டாமா?

2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க அதன் 17-ஆம் பிரிவு ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

நோயாளியின் தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே என்று சொல்லிச் சிங்கப்பூர் திரட்டிய விவரங்களைக் காவல்துறையும் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் வெளியானது. எதிர்ப்பு எழுந்த பிறகே, கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் மாநிலத்திலும் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் திரும்ப வந்தது. வாகன நெரிசலைக் கட்டுப்படுத்துவது நல்ல நோக்கம்தான். ஆனாலும் ஒரு வேலைக்காகச் செய்த ஏற்பாடு வேறொரு வேலைக்கு எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது என்பதை அது காட்டுகிறது.

முதல் வேலை கணக்கெடுப்பு. சென்னையில் உள்ள சர்வரை மட்டும் பார்த்தால் போதாது. வட்டாட்சியர் அலுவலகக் கணினியில் எக்செல் கோப்பு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவேடு, கிராம அளவிலான வாட்ஸ்அப் குழு, எல்லைச் சோதனைச் சாவடிப் பணிக்கு வந்தவரின் பென்டிரைவ், பழைய மின்னஞ்சல் என்று நகல்கள் தங்கக்கூடிய இடங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் எந்த உத்தரவின்படி, என்ன நோக்கத்துக்குத் திரட்டியது, இன்று யாரிடம் கடவுச்சொல் உள்ளது என்று எழுதி வாங்குங்கள். அது முடியும்வரை யாரும் புதிதாகத் திறக்காதபடி அணுகலை நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடவும் கூடாது. இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் தொடர்பான கோப்புகளும் வழக்கு நிலுவையில் உள்ள ஆவணங்களும் தனியே பூட்டி வைக்கப்பட வேண்டும். நோய்ப் பரவல் ஆய்வுக்கு எண்ணிக்கை போதும், பெயர் தேவையில்லை. ஆனால் பெயரை நீக்குவதோடு வேலை முடிந்துவிடாது. அஞ்செட்டிப் பக்கம் முப்பது வீடுள்ள ஒரு மலைக்கிராமத்தில், "62 வயதுப் பெண், இன்ன தேதியில் பரிசோதனை" என்ற ஒரு வரி போதும், ஆளை ஊரே அடையாளம் சொல்லிவிடும். பத்துப் பேருக்குக் குறைவான எண்ணிக்கையை ஊராட்சி ஒன்றிய அளவில் கூட்டியே வெளியிட வேண்டும். கோப்பை அழித்ததற்கு ஒவ்வொரு அலுவலகமும் தேதியும் பொறுப்பு அலுவலரின் கையெழுத்தும் இட்ட சான்று தர வேண்டும். காப்பு நகலும் கைபேசியில் இறங்கியதும் அதில் அடங்க வேண்டும்.

கேமராக்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். காவல் நிலையக் கேமராப் பதிவை 18 மாதம், வசதி இல்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது காவலில் இருப்பவரைக் காக்க. பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் நம்மைப் பார்க்கும் கேமராக்களின் பதிவு எத்தனை நாளில் அழியும்? தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முகத்தை ஒப்பிடும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. அதற்கென்று தனிச்சட்டம் இல்லை. ஆயிரத்துக்கு ஒரு முகம் தவறாகப் பொருந்துகிறது என்று வைத்துக்கொண்டால், ஓசூர் பேருந்து நிலையத்தில் 20,000 பேரைப் பார்க்கும் நாளில் குற்றமற்ற 20 பேர் நிறுத்தி விசாரிக்கப்படுவார்கள். எந்தக் கேமரா அந்த மென்பொருளோடு இணைந்துள்ளது என்பதையாவது சொல்லுங்கள்.

இந்தக் கணக்கெடுப்பின் முடிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி நீங்களே மாவட்ட இணையதளத்தில் வெளியிடலாம். பத்து ரூபாய் கட்டி முப்பது நாள் காத்திருக்கும் நிலை மக்களுக்கு வேண்டாம். இணையம் எட்டாத ஊர்களுக்காக, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அந்தந்த ஊருக்கான பட்டியலை வாசிக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மாவட்ட வழக்குரைஞர்களும் கணினித் துறைப் பணியாளர்களும் சிலர்