சூப்பர் சிங்கர் பார்க்கும் சித்திக்கு

அன்புள்ள சித்தி,

சனி, ஞாயிறு ராத்திரி உங்களுக்கு போன் போட்டால் எடுக்கமாட்டீர்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. விஜய் டிவி சூப்பர் சிங்கர் பாட்டுப் போட்டியில் உங்களுக்குப் பிடித்த அந்தப் பையன் பாடி முடிக்கும்வரை டிவி முன்னாலிருந்து எழுந்திருப்பதில்லையாமே! ரொம்ப நல்லது. ஒரு குரல்மேல் இவ்வளவு பிரியம் வைத்த பிறகு, அதைச் சரியாகக் கேட்கவும் வேண்டும். அவனுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது செய்யவும் வேண்டும்.

டிவி ஸ்பீக்கரில் கேட்டு முடிவு கட்டாதீர்கள். கைதட்டலும் நடுவர்களின் முகபாவமும் சேர்ந்து பாட்டை அமுக்கிவிடும். விஜய் டிவியின் யூடியூப் சேனலில் பாட்டு தனியாக வரும். முதலில் ஒரிஜினலை ஒரு தடவை கேட்டுவிட்டு, பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவன் பாடியதைக் கேளுங்கள். பல்லவி பெரும்பாலும் எல்லாருக்கும் நன்றாகவே வரும். இடையிசை முடிந்து சரணம் எடுக்கிற இடம்தான் பரீட்சை. அதுவரை வாத்தியங்கள் வேறெங்கோ போயிருக்கும். அந்த நொடியில் சுருதியை மனசுக்குள் பிடித்துக்கொண்டு தாளத்திலும் சரியாக விழ வேண்டும். பதற்றத்தில் இருப்பவர்கள் ஒரு இழை முந்திவிடுவார்கள். அடுத்து, நீளமான வரியின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். மூச்சைத் தப்பான இடத்தில் எடுத்திருந்தால் சுருதி அங்கேதான் இறங்கும்.

போன வாரம் அவன் பாடிய எஸ். ஜானகியம்மா பாட்டுக்கு மார்க் குறைந்தது என்று நடுவர்களைத் திட்டினீர்கள். குறை அவர்களிடமும் இல்லை, பையன் குரலிலும் இல்லை. கட்டை, அதாவது பாட்டுக்கு எடுக்கிற சுருதியின் உயரம், பொருந்தவில்லை, அவ்வளவுதான். பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. பெண் குரலுக்குப் போட்ட பாட்டை அவனுக்காக இறக்கினால் சரணத்தின் உச்சி வசதியாகிவிடும், ஆனால் பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் மைக்கில் எடுபடாமல் போகும். போதுமான அளவு இறக்காவிட்டால் மேலே போகும்போது குரல் கிழியும். வாத்தியக்காரர்களுக்கும் இது வேலைதான். கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். ஆனால் புல்லாங்குழல் வாசிப்பவர் வேறு குழலையே எடுத்தாக வேண்டும். என்னைக் கேட்டால், பாதிப் போட்டி பாட்டுத் தேர்விலேயே முடிந்துவிடுகிறது.

ஓட்டுப் போடும் முறை சீசனுக்கு சீசன் மாறும். நிகழ்ச்சியில் காட்டுகிற வழியில் மட்டும், முடிவு நேரத்துக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது ஓட்டு லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள்; ஓடிபி கேட்டால் சந்தேகமே வேண்டாம், மோசடி. இன்னொன்று, மற்ற போட்டியாளர்களைப் பற்றிக் கமெண்டில் கடுமையாக எழுத வேண்டாம். அவற்றை அவர்களும் படிப்பார்கள், வீட்டில் பெற்றவர்களும் படிப்பார்கள்.

எலிமினேட் ஆனால் சாப்பிடாமல் படுத்துவிடாதீர்கள். வைல்டு கார்டு சுற்று வைத்தால் திரும்பி வரவும் வழியுண்டு. கோப்பை கிடைக்காதவர்களையும் பாருங்கள். மூன்றாம் சீசனில் ஜெயித்தது சாய்சரண். அந்த இறுதிச்சுற்றில் தோற்ற சத்யபிரகாஷும் பூஜாவும் 2017-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘மெர்சல்’ படத்தின் ‘ஆளப்போறான் தமிழன்’ பாட்டைப் பாடியவர்களில் இருக்கிறார்கள். ஊரே பாடிய பாட்டு அது. பாடியவர்கள் பேரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

ரசிகர்கள் கைகொடுக்க வேண்டிய நேரம் ஃபைனலுக்கு அப்புறம்தான் வரும். டிவியில் முகம் வராத மாதங்களில் அவனுக்குச் சோறு போடப்போவது கச்சேரி மேடை. புதுப் பாட்டு வந்தால் அவன் பேரைச் சொல்லி நாலு பேருக்கு அனுப்புங்கள். கச்சேரி என்றால் பாஸ் தேடாமல் டிக்கெட் வாங்கிப் போங்கள். “உனக்கும் விளம்பரம்தானே தம்பி” என்று சொல்லிச் சும்மா பாடவைக்கிற வழக்கம் நிறைய இருக்கிறது. அதற்கு நீங்கள் துணை போகவேண்டாம். சித்தப்பா கோயில் கமிட்டியில்தானே இருக்கிறார்? வைகாசித் திருவிழா மெல்லிசைக்கு அவனைக் கூப்பிடுவதானால் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே தேதி கேட்கச் சொல்லுங்கள். வாத்தியக்காரர்கள் சம்பளம், சவுண்டு சிஸ்டம், போக்குவரத்துச் செலவு மூன்றையும் தனித்தனியாகப் பேசி, கையோடு அட்வான்ஸும் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்