எனக்குச் செவி தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தை, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷுக்கு மாற்றி, நியூயார்க்கின் புரூக்ளினில் சிறு செலவில் நாங்கள் எடுத்த படத்தின் தொகுப்புப் பணி சென்ற வாரம் நிறைவுற்றது. யிட்டிஷ் அறியாமலேயே அதைத் தொகுத்தவள் நான். உங்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் ஆங்கிலத்தில் நன்றி சொல்வேன். நீங்கள் செய்த உதவியை என் மொழியினரும் அறிய வேண்டும் என்பதற்காக இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, வில்னாவிலிருந்து (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) வந்த பெற்றோரிடம் யிட்டிஷ் கற்ற 86 வயது அம்மையாருக்கு. நாடகத்தின் தொடக்கத்தில், தன் நாட்டை மகள்களுக்குப் பிரித்துத் தரும் லியரைத் தமக்கைகள் இருவரும் புகழ்ந்து முடித்தபின், இளைய மகளிடம் தந்தை ‘நீ என்ன சொல்கிறாய்’ என்று கேட்க, அவள் ‘ஒன்றுமில்லை’ என்கிறாள்; நம்பாமல் அவர் அதையே கேள்வியாகத் திருப்ப, மீண்டும் அதையே சொல்கிறாள். அவளுடைய இரண்டு பதில்களையும் நான் வெவ்வேறு டேக்குகளிலிருந்து எடுத்து இணைத்திருந்தேன். கண்களை மூடிக் கேட்ட அம்மையார், “இந்தப் பெண் முதலில் வில்னாவில் பேசுகிறாள், அடுத்த நொடி வில்லியம்ஸ்பர்க்கில் பேசுகிறாள்” என்றார்; வில்லியம்ஸ்பர்க், ஹசிதியர் எனப்படும் சமயப் பற்று மிகுந்த யூதர்கள் வாழும் புரூக்ளின் பகுதி. ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு வில்னா வழக்கில் ‘கோர்நிஷ்ட்’ எனப்படும் சொல், போலந்து, ஹங்கேரி வழியாக வந்த புரூக்ளின் ஹசிதிய யூதர்களின் வாயில் ‘கூர்நிஷ்ட்’ ஆகிவிடுமாம். அந்த ஓர் உயிரெழுத்து என் காதில் விழவே இல்லை. மகளின் இரு பதில்களையும் ‘கூர்’ என்றும், தந்தையின் கேள்வியை ‘கோர்’ என்றும் அமைக்கச் சொன்னவரும் அவரே. தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான தொலைவு, வசனம் ஏதும் கூடாமலேயே, இப்போது அந்தச் சொல்லில் கேட்கிறது. வில்னாவின் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1941 முதல் 1944 வரையிலான ஆண்டுகளில் கொல்லப்பட்டார்கள். தம் பெற்றோரின் உச்சரிப்பை அவர் எத்தனை கவனமாகக் காத்து வைத்திருக்கிறார் என்பதை எண்ணும்போதெல்லாம் என் தொண்டை அடைக்கிறது.

ஹசிதியச் சமூகத்தில் வளர்ந்து இப்போது வெளியே வாழும் இளைஞர்கள் இருவர், பகல் வேலை முடிந்தபின் என்னுடன் அமர்ந்து, படமாக்கிய வசனம் முழுவதையும் எழுதித் தந்தார்கள். எபிரேய எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதப்படும் அந்த வரிகளைத் தொகுப்பு மென்பொருள் அடிக்கடி புரட்டிப் போட்டது; அவர்கள் சலிக்காமல் மீண்டும் மீண்டும் சரிசெய்தார்கள். யிட்டிஷில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இரண்டாம் இடத்திலேயே வந்துவிடுகிறது. வினைக்காகக் கடைசிவரை காத்திருந்து பழகிய நான், நடிகர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பின்னும் காட்சியை நீட்டிக்கொண்டிருந்தேன். எங்கே வெட்டலாம் என்பதை அவர்கள் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார்கள்.

1925-இல் வில்னாவில் தொடங்கி, 1940-இல் நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட யீவோ என்ற யிட்டிஷ் ஆய்வு நிறுவனத்தின் வாசிப்பு அறை நூலகர்களுக்கும் என் வணக்கம். நாடகாசிரியர் யாக்கோபு கோர்டின் 1892-இல் நியூயார்க் மேடைக்கு எழுதிய ‘யூத லியர் அரசன்’ பற்றி அங்கேதான் விரிவாக அறிந்தேன். அதில் வில்னாவின் செல்வந்தர் ஒருவர் பூரிம் என்னும் யூதப் பண்டிகை விருந்தில் சொத்தைப் பிரித்துக் கொடுக்கிறார். மருத்துவம் படித்துத் திரும்பும் இளைய மகளோடு இறுதியில் அவர் மீண்டும் இணைய, கதை மகிழ்ச்சியாக முடிகிறது. எங்கள் படம் ஷேக்ஸ்பியரின் துயர முடிவையே ஏற்றது. ஆயினும் இக்கதை இம்மொழியில் எப்போதோ வேரூன்றிவிட்டது என்று அறிந்த பிறகே, இதைத் தொடும் உரிமை நமக்கு உண்டா என்ற என் தயக்கம் விலகியது.

இரவில் கடையைத் திறந்துவிட்டு, மாவு மேசையை விருந்து மேசையாக்கிக் கொடுத்த ரொட்டிக் கடைக்காரருக்கும், ஏழு மாதங்கள் என் மகனைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும் நான் கடன்பட்டவள்.

முதல் திரையிடலில் அம்மையாருக்கு ஒலிபெருக்கியின் அருகே இருக்கை வைத்திருக்கிறோம். அம்மையாரே, ஏதேனும் ஒரு சொல் உங்கள் செவியை உறுத்தினால் அன்றிரவே சொல்லுங்கள். திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.

நன்றியுடன்,
படத்தொகுப்பாளர்