தங்கை மகனுக்கு வந்த 17(பி)

தக்கலை,
ஞாயிறு இரவு

அன்பு மக்கா,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். மைனிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம், ஒருவனைத் தவிர.

தங்கை மகனுக்கு 17(பி) வந்திருக்கிறது, வேலையே போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. வியாழக்கிழமை கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்களாம். நேராக இங்கே வந்தான். சட்டைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த குறிப்பாணை வியர்வையில் நனைந்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. மரச்சீனியும் மீன்கறியும் வைத்தேன், தொடவில்லை. ஒரு கோப்பு காணாமல் போனதற்கு அவன்தான் பொறுப்பாம். அவன் கைக்கு வரும் கோப்புகளைப் பதியும் தன்பதிவேட்டில் அந்தக் கோப்பின் எண்ணே இல்லை!

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "விசாரணை வேண்டாம், தவறு நடந்துவிட்டது என்று எழுதிக் கொடு, ஊதிய உயர்வு நிறுத்தத்தோடு முடித்துவிடலாம்" என்று மேலே உள்ள ஒருவர் சொல்லியிருக்கிறார். இவனும் பேனாவை எடுத்துவிட்டான். நான்தான் பிடுங்கி வைத்தேன்.

மூன்று இரவாகப் பழைய தீர்ப்புகளைப் புரட்டுகிறேன். சென்னை அரசு அச்சகத்தில் ரீடராக, அதாவது அச்சுப்பிழை பார்ப்பவராக, இருந்த வெங்கட ராவ் வழக்கை நீ அறிவாய். தேர்வு வினாத்தாள் கசிந்த விவகாரத்தில் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். அப்போதைய குடிமைப்பணி விதிகளில் தெளிவாகவே இருந்தது: குற்றச்சாட்டைத் திட்டவட்டமாக எழுதி, முறையாகத் துறை விசாரணை நடத்திய பிறகுதான் நீக்க வேண்டும். அவருக்கு அப்படி நடக்கவில்லை. அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். விதி மீறப்பட்டதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும், அரசு ஊழியன் மன்னரின் விருப்பம் உள்ளவரைதான் பணியில் இருக்கிறான், விதிகளைக் காட்டி வழக்குப் போட உரிமை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். விதிகளை எழுத்திலும் உணர்விலும் காக்க வேண்டும் என்று அரசுக்கு அறிவுரை மட்டும் கிடைத்தது. அந்த மனிதர் அந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்? அதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

அதே காலத்தில் ரங்காச்சாரி என்ற சப் இன்ஸ்பெக்டருக்கு வேறு முடிவு. அவரை நீக்கியவர் நியமித்தவரைவிடக் கீழே உள்ள அதிகாரி; அந்த நீக்கம் செல்லாது என்றார்கள். காரணம், அந்தப் பாதுகாப்பு 1919 சட்டத்தின் 96பி பிரிவிலேயே இருந்தது. விசாரணை உரிமையோ வெறும் விதியில் இருந்தது. 1935 சட்டத்தின் 240-ஆவது பிரிவில்தான் காரணம் காட்ட நியாயமான வாய்ப்பு என்பது சட்டத்துக்குள் ஏறியது. பிறகு அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு. அந்த 311 வரும்வரை நம் தாத்தாக்களுக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. நாம்தான் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தோமே.

இவ்வளவு பேர் அடிபட்டுக் கிடைத்த ஒன்றை, இந்தப் பயல் ஓர் ஊதிய உயர்வுக்குப் பயந்து எழுதிக் கொடுக்கப் போகிறான். குறிப்பாணையிலேயே கேட்டிருக்கிறார்கள், வாய்மொழி விசாரணை வேண்டுமா என்று. "வேண்டும்" என்று ஒரு சொல் எழுத அவனுக்குக் கை வரவில்லை. அவன் அம்மா அழுகிறாள், அவன் மனைவி என்னைத்தான் முறைக்கிறாள். ஒருவேளை நான் பிடிவாதம் பிடித்து அவன் வேலைக்கே உலை வைத்துவிட்டால்? அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது மக்கா. தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் தரும் பிழைப்பூதியத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். இந்த ஒழுங்கு நடவடிக்கைகளைக் கவனிக்கும் பிரிவில் இருபது வருடம் உட்கார்ந்தவன் நீ. எத்தனை குறிப்பாணை உன் கையால் போயிருக்கும்! நான் சொன்னால் மாமா கோபக்காரர் என்பான்; நீ சொன்னால் கேட்பான். தன்பதிவேட்டின் நகலை எப்படிக் கேட்பது, விளக்கத்தில் எதை எழுதக்கூடாது என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும்.

பதில் கொடுக்க அடுத்த வெள்ளிதான் கடைசி நாள். புதன்கிழமை வா. வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கியதும் போன் செய். அவனையே பைக்கில் அனுப்புகிறேன், வழியிலேயே பேச்சைத் தொடங்கிவிடு. குடையை இந்த முறையாவது பஸ்ஸில் விட்டுவிடாதே, குடை சார். இங்கே மழை விடவில்லை. பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

உன்,
தக்கலைக்காரன்